‘ஹை ரிஸ்க்’ என்று எழுதி வாங்கிவிட்டால் போதுமா?

எழுபதைத் தாண்டிய இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். சர்க்கரை எவ்வளவு, பி.பி. எவ்வளவு, யாருக்கு என்ன ஆபரேஷன். வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய ஆபரேஷன் என்றால் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் இரண்டு விஷயம் சொல்கிறார்கள். “டாக்டர் ஒண்ணும் பயப்பட வேணாம்னுட்டாரு, ஃபிட்னஸும் குடுத்துட்டாங்க” என்பது ஒன்று. “ஆனா ஹை ரிஸ்க்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க” என்பது இரண்டாவது.

இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும்? பயப்பட ஒன்றுமில்லை என்றால் ஹை ரிஸ்க் எதற்கு? ஹை ரிஸ்க் என்றால் பயப்பட வேண்டாம் என்று எதை வைத்துச் சொன்னார்கள்?

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு பெரிய சிக்கல் வருமா என்பதை ஓரளவு முன்கூட்டியே கணக்கிட முடியும். அதற்கான வழி முப்பது வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. ‘ஹை ரிஸ்க்’ என்று ஃபாரத்தில் எழுதுகிற ஆஸ்பத்திரி ஏதோ ஒரு கணக்கை மனதில் போட்டுவிட்டுத்தான் எழுதுகிறது. ஆனால் அந்தக் கணக்கு நோயாளிக்குப் போய்ச் சேருவதில்லை. நாளைக்கு வழக்கு வந்தால் காட்டுவதற்காக ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. இதைத்தான் நான் தவறு என்கிறேன்.

“இதெல்லாம் கடவுள் கையில், யாரால் சொல்ல முடியும்?” என்று கேட்பவர்களுக்காகச் சில விவரங்கள்.

மயக்க மருந்து டாக்டர் ‘ஃபிட்னஸ்’ கொடுப்பது என்கிறோமே, அது பாஸ், ஃபெயில் விஷயம் இல்லை. அவர் சீட்டில் ஏ.எஸ்.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் ஓர் எண் எழுதுவார். 1941-ல் அமெரிக்காவில் தொடங்கிய வகைப்பாடு அது. திடகாத்திரமான ஆளுக்கு 1. சர்க்கரை, பி.பி. கட்டுக்குள் இருப்பவருக்கு 2. உடம்பை முடக்குகிற நோய் உள்ளவருக்கு 3. அந்த நோய் எப்போதும் உயிருக்கு மிரட்டலாக இருந்தால் 4. ஆபரேஷன் இல்லாவிட்டால் பிழைக்கவே மாட்டார் என்றால் 5. மூளைச்சாவு அடைந்த உறுப்புக் கொடையாளருக்கு 6. ஆக, ‘ஃபிட்னஸ் கொடுத்துவிட்டார்கள்’ என்று நாம் இனிப்பு கொடுக்காத குறையாகச் சொல்லும் சீட்டில் 3 என்று இருக்கலாம், 4 என்றும் இருக்கலாம். நம்மில் எத்தனை பேர் அந்த எண்ணைப் பார்த்திருக்கிறோம்?

1991-ல் இங்கிலாந்தில் கோப்லாண்டு என்ற அறுவை டாக்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் ‘பொசம்’ என்ற கணக்கை வெளியிட்டார்கள். மொத்தம் பதினெட்டு விவரம். பன்னிரண்டு நோயாளியின் உடம்பைப் பற்றியவை: வயது, இருதயம், மூச்சு, ஈ.சி.ஜி., பி.பி., நாடித் துடிப்பு, ஹீமோகுளோபின், வெள்ளை அணு, யூரியா, சோடியம், பொட்டாசியம், சுயநினைவு. ஆறு ஆபரேஷனைப் பற்றியவை: எவ்வளவு பெரியது, எத்தனை, எவ்வளவு ரத்தம் போனது, வயிற்றுக்குள் சீழோ மலமோ பரவியிருந்ததா, புற்றுநோயா, அவசரமா. இவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினால், சிக்கல் வருவதற்கும் உயிர் போவதற்கும் நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு தோராயம் கிடைக்கும். ஆபத்து குறைந்தவர்களுக்கு அந்தக் கணக்கு சாவை மிகையாகக் காட்டுகிறது என்று தெரிந்ததும் 1998-ல் போர்ட்ஸ்மத் ஊர்க்காரர்கள் சூத்திரத்தைத் திருத்தினார்கள். பட்டியலைப் பாருங்கள். உடம்பைப் பற்றிய பன்னிரண்டில் நம் ஊர் ஆஸ்பத்திரியில் எடுக்காத டெஸ்ட் எது? எல்லாவற்றுக்கும் நாம் பணம் கட்டிவிட்டோம். கூட்டல் ஒன்றுதான் பாக்கி.

இவ்வளவு கூட வேண்டாம். குடல் பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷன்களை ஆராய்ந்து 2005-ல் பிரெஞ்சு அறுவை மருத்துவர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 1,421 நோயாளிகள். இறந்தவர்கள் 3.4 சதவிகிதம். ஏதாவது ஒரு சிக்கல் வந்தவர்கள் 35 சதவிகிதம், அதாவது மூன்றில் ஒருவருக்கு மேல். சாவோடு தொடர்புள்ளவை என்று அவர்கள் பிரித்தெடுத்தவை நான்குதான்: எழுபதுக்கு மேல் வயது, எடையில் பத்து சதவிகிதத்துக்கு மேல் இழப்பு, பக்கவாதம் போன்ற நரம்பு நோய், அவசர ஆபரேஷன். கம்ப்யூட்டர் வேண்டாம். விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அல்சர் வெடித்துக் குடலில் ஓட்டை விழுந்தவர்களுக்கு அதைவிடச் சுருக்கமான கணக்கு உண்டு. 1987-ல் ஹாங்காங்கில் போயி என்பவரும் அவருடைய சகாக்களும் மூன்றே கேள்வி வைத்தார்கள். வந்தபோது பி.பி. இறங்கியிருந்ததா? வேறு பெரிய நோய் இருக்கிறதா? ஓட்டை விழுந்து 24 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதா? அவர்கள் பார்த்த நோயாளிகளில் மூன்றுக்கும் ‘இல்லை’ என்றவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. ஒன்று இருந்தால் இறப்பு 10 சதவிகிதம், இரண்டு இருந்தால் 45.5, மூன்றும் இருந்தால் ஒருவரும் பிழைக்கவில்லை. இன்று வைத்தியம் முன்னேறியிருக்கிறது, எண்கள் மாறியிருக்கும். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மாறவில்லை. வயிற்று வலியை ஓமத் தண்ணீரால் இரண்டு நாள் ஓட்டுகிறவர்கள் மூன்றாவது கேள்வியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

‘பெரிய சிக்கல்’ என்பதும் வாய்க்கு வந்தபடி சொல்வது இல்லை. 2004-ல் ஜூரிச் நகரத்து டாக்டர்கள் வகுத்த ஐந்து படி உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. முதல் இரண்டு படி, மருந்து மாத்திரை, ரத்தம் ஏற்றுவது போன்றவற்றால் சரியாகிவிடும். மூன்றாம் படி, மறுபடி தியேட்டருக்கோ, குழாய் வைக்கவோ போக வேண்டியது. நான்கு, உயிருக்கு ஆபத்து, ஐ.சி.யூ. ஐந்து, மரணம். டாக்டர் ‘சின்னச் சின்ன பிராப்ளம் வரலாம்’ என்றால், “எந்தப் படி சார்?” என்று கேட்கலாம்.

இப்போது அந்த ஃபாரத்துக்கு வருகிறேன். நான் அரசாங்க ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் ஃபைல் பார்த்தவன். காலியான கலத்தோடு ஒரு விண்ணப்பம் வந்தால் திருப்பி அனுப்புவோம். ஆஸ்பத்திரியில் நான் பார்த்த சம்மதப் படிவங்களில் ஆபரேஷனின் பெயர், அதன் ஆபத்துகள், மாற்று வழி எல்லாவற்றுக்கும் கலம் இருக்கிறது. அவை காலி. கையெழுத்துக் கலத்தில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுக்கிறார்கள். படிவம் இங்கிலீஷில். நீட்டுபவர் டாக்டர் இல்லை, டியூட்டி நர்ஸ். நேரம் ராத்திரி.

நம் புதுச்சேரியில் பழைய ஆட்களுக்கு நொத்தேர் ஞாபகம் இருக்கும். முழம் அகலச் சந்தில் ஒரு ஓட்டு வீட்டை விற்பதானாலும் நொத்தேர் பத்திரத்தை இரண்டு தரப்புக்கும் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. படித்துக் காட்டப்பட்டது என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும். பிரெஞ்சு தெரியாதவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருக்கும். வீட்டுக்கு இருந்த அந்த மரியாதை வயிற்றுக்கு இல்லை.

என் மனைவியின் அண்ணன் கதையைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், எந்த ஆஸ்பத்திரியிலும் நடந்திருக்கக் கூடியதுதான். அவருக்கு வயது 72. நாலு மாதத்தில் பத்துக் கிலோ இளைத்திருந்தார். பெருங்குடலில் கட்டி, திடீரென்று குடல் அடைத்துக்கொண்டது. அவசர ஆபரேஷன். மேலே சொன்ன பிரெஞ்சுக் கணக்கில் நான்குக்கு மூன்று. அவர் பையனிடம் பில் கவுன்ட்டர் பக்கத்தில் வைத்து ‘ஹை ரிஸ்க் கன்சென்ட்’ வாங்கினார்கள். “இது எல்லாருக்கும் வாங்கறதுதான் தம்பி, ஃபார்மாலிட்டி” என்றார்கள். பாரிஸ் பக்கம் இருக்கும் மகள் போனில், “நான் கிளம்பி வரட்டுமா?” என்று கேட்டாள். “சாதாரண ஆபரேஷன்தானாம், லீவை வீணாக்காதே” என்று இவர்கள் சொன்னார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டதைத்தானே சொல்வார்கள்?

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இரண்டாம் நாளே ரூமுக்கு மாற்றினார்கள். நான்காம் நாள் ராத்திரி மூச்சு வேகமாக வாங்கியது, வயிறு உப்பியது. “வாயுதான், நடக்கச் சொல்லுங்க” என்றார்கள். ஆறாம் நாள் குடலை இணைத்த இடத்தில் கசிவு என்று கண்டுபிடித்து மறுபடி திறந்தார்கள். மகள் வந்து சேர்ந்தபோது அவர் வென்டிலேட்டரில் இருந்தார். பேச்சு இல்லை. பன்னிரண்டாம் நாள் போய்விட்டார்.

முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அது எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனால் நான்குக்கு மூன்று என்ற ஒரு வரி அந்தக் குடும்பத்திடம் சொல்லப்பட்டிருந்தால் மகள் முதல் விமானத்தில் வந்து அப்பாவோடு நான்கு நாள் பேசியிருப்பாள். நான்காம் நாள் ராத்திரி வாங்கிய மூச்சை யாரும் வாயு என்று தள்ளியிருக்க மாட்டார்கள். ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதிய கையும் ‘வாயு’ என்று சொன்ன வாயும் ஒரே ஆஸ்பத்திரிதான்.

சட்டம் என்ன சொல்கிறது? பிரான்சில் 2002 மார்ச் 4-ஆம் தேதிச் சட்டம், அப்போதைய சுகாதார அமைச்சர் பெர்னார் குஷ்னேர் பெயரால் வழங்குவது, அடிக்கடி நேரக்கூடிய ஆபத்தையும், கடுமையானது ஆனால் எதிர்பார்க்கக் கூடியது என்ற ஆபத்தையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. சொன்னதை நிரூபிக்கும் பொறுப்பும் டாக்டருடையது. “அது பிரான்சு, இது இந்தியா” என்பீர்கள். இங்கே 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சிகிச்சை என்ன, எதற்காக, மாற்று வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கிப் பெற்றால்தான் அது சம்மதம். எங்கோ லட்சத்தில் ஒருவருக்கு வருவதையெல்லாம் சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னது. நியாயம்தான். நான் கேட்பது லட்சத்தில் ஒன்றை இல்லை. மூன்றில் ஒன்றை.

இனி எதிர்வாதங்கள். என் டாக்டர் நண்பர்களிடமே கேட்டவை.

“சொன்னால் பயந்துவிடுவார்கள்.” பயப்படுவார்கள்தான். பெண்ணுக்குக் கல்யாணம் செய்து, வீடு கட்டி, துணையைப் பறிகொடுத்து, எழுபது வருடம் வாழ்ந்தவர்கள் நாம். பயந்தால் இரண்டு நாள் தூக்கம் போகும். சொல்லாமல் விட்டால் உயில் எழுதாமல், பாஸ்புக் எங்கே என்று சொல்லாமல், பார்க்க நினைத்தவரைப் பார்க்காமல் போவோம். எது பெரிய நஷ்டம்? இதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. “அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்” என்று கதவுக்கு வெளியே நின்று கண்ணைக் காட்டுகிறார்கள். வயிறு அப்பாவுடையது என்பது மறந்துவிடுகிறது.

“எண் என்பது கூட்டத்துக்குப் பொருந்தும், தனி ஆளுக்குப் பொருந்தாது.” நூற்றில் இருபது என்றால் அந்த இருபதில் நான் ஒருவனா என்று யாராலும் சொல்ல முடியாது, உண்மை. வானிலை அறிக்கையும் அப்படித்தான். புயல் எச்சரிக்கைக் கொடி ஏற்றினால் நம் மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. ‘என் படகு கவிழும் என்று உறுதியாகச் சொல், அப்போதுதான் நம்புவேன்’ என்று எவரும் கேட்பதில்லை.

“ரிஸ்க் அதிகம் என்று கணக்கு வந்தால் டாக்டர்கள் ஆபரேஷன் செய்யவே மறுப்பார்கள், வேறு இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.” இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இப்போது மட்டும் தள்ளவில்லையா? கணக்கு வெளியே இருந்தால், எந்தக் காரணத்தால் தள்ளுகிறார்கள் என்றாவது கேட்கலாம். ஒரு நல்ல ஆஸ்பத்திரி, கஷ்டமான நோயாளிகளை எடுத்துக் காப்பாற்றியது என்று காட்டுவதற்கும் இதே கணக்குதான் உதவும். பொசம்மைக் கொண்டுவந்ததன் நோக்கங்களில் அதுவும் ஒன்று.

“தெரிந்து என்ன ஆகப் போகிறது?” இதுதான் எல்லாவற்றிலும் மோசமான வாதம். தெரிந்தால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவசர வயிற்று ஆபரேஷன்களைத் தேசிய அளவில் பதிவு செய்து தணிக்கை செய்கிறார்கள், 2013 கடைசியிலிருந்து. இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தைத் தொட்டுவிட்டால் மூத்த அறுவை டாக்டரும் மூத்த மயக்க மருந்து டாக்டரும் தியேட்டரில் நேரில் இருக்க வேண்டும், முடிந்ததும் தீவிர கவனிப்புப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது அங்கே எதிர்பார்ப்பு. பாருங்கள், எண் அங்கே ஒரு கட்டிலாக மாறுகிறது. இங்கே அது ஒரு கையெழுத்தாக மாறுகிறது.

2009-ல் அமெரிக்காவில் 84,730 நோயாளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். இறப்பு மிகக் குறைந்த ஆஸ்பத்திரிகளில் 3.5 சதவிகிதம், மிக அதிகமான ஆஸ்பத்திரிகளில் 6.9. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சரி, அங்கே சிக்கல்கள் அதிகம் போலிருக்கிறது என்று நினைப்போம். இல்லை. சிக்கல் வந்தவர்கள் ஒரு பக்கம் 24.6 சதவிகிதம், மறுபக்கம் 26.9. ஏறக்குறைய சமம். பெரிய சிக்கல் வந்த பிறகு இறந்தவர்கள்தான் 12.5-க்கு எதிராக 21.4. அதாவது சிக்கல் எங்கும் வரும். அதை நேரத்தோடு கண்டுபிடித்து மீட்பதில்தான் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வித்தியாசம். யாரைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க வேண்டும் என்று முதலிலேயே தெரிந்தால்தானே கண்டுபிடிக்க முடியும்?

இன்னொன்று. 2018-ல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல் வயிற்று ஆபரேஷன் செய்துகொள்ள இருந்த 441 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் துண்டுப் பிரசுரம். மறு பிரிவுக்கு அதோடு பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் எப்படி மூச்சை இழுத்துவிட வேண்டும், ஏன் என்று சொல்லிக் கொடுத்தார். நுரையீரல் சிக்கல் முதல் பிரிவில் 27 சதவிகிதம், இரண்டாவதில் 12. அரை மணி நேரப் பேச்சு பாதிக்கு மேல் குறைத்தது. ‘பேஷன்ட்டிடம் பேச நேரமில்லை’ என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால், ரத்தசோகையைச் சரி செய்யலாம், சிகரெட்டைச் சில வாரம் முன்பே நிறுத்தலாம், இளைத்த உடம்பைத் தேற்றலாம், தினம் நடக்கலாம். ஒன்றுக்கும் பைசா அதிகம் இல்லை.

அரசாங்கத்தை நான் கேட்பது சின்ன விஷயம். புதுச்சேரி சின்ன ஊர், இங்கிருந்தே தொடங்கலாம். சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும். ஆபத்துக் கலம் காலியாக இருந்தால் அந்தப் படிவம் செல்லாது என்று ஒரு உத்தரவு போடட்டும். இந்த நோயாளிக்கு நூற்றுக்கு எத்தனை என்று டாக்டர் கையால் எழுதட்டும். ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதினால், அதனால் கூடுதலாக என்ன செய்யப் போகிறோம் என்று கீழே ஒரு வரி இருக்கட்டும்.

அந்த உத்தரவு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கீழே உள்ள கேள்விகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வைத்திருக்கும் ஃபைலில் முதல் பக்கமாக வையுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஞாபகம் வராது.

ஒன்று: டாக்டர், என் ஏ.எஸ்.ஏ. எண் என்ன?

இரண்டு: என் வயதுக்கும் என் நோய்க்கும், உயிருக்கு ஆபத்தான சிக்கல் நூற்றில் எத்தனை பேருக்கு வரும்?

மூன்று: எந்தச் சிக்கலைப் பற்றி நீங்கள் அதிகம் யோசிக்கிறீர்கள்? குடல் கசிவா, நுரையீரலா, இருதயமா, தையலா?

நான்கு: ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? சில நாள் தள்ளினால் உடம்பைத் தேற்ற முடியுமா?

ஐந்து: ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாள் ஐ.சி.யூ.? ராத்திரியில் யார் பார்ப்பார்கள்? கூப்பிட்டால் யார் வருவார்கள்?

ஆறு, இது கூட இருப்பவர்களுக்கு: மூச்சு வேகம், நாடி வேகம், காய்ச்சல், வயிறு உப்புதல், ஒரு வாரத்தை ஒட்டித் தையல் வழியாக ரோஸ் நிறத்தில் நீர் கசிதல். இவற்றில் எதைப் பார்த்தாலும் எழுதி வைத்து, நேரம் போட்டு, டாக்டர் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். ‘வாயு’ என்றால், “எதை வைத்துச் சொல்கிறீர்கள் சிஸ்டர்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் எடுக்கும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை குடல் கசிவைப் பற்றி முன்னெச்சரிக்கை தரும். எடுத்தீர்களா, எண் இறங்குகிறதா, ஏறுகிறதா என்று கேட்கலாம்.

கேட்டால் டாக்டர் கோபிப்பாரோ என்று பயப்பட வேண்டாம். நல்ல டாக்டர்கள் கோபிப்பதில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் சொன்னவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கோபித்தால், கத்தி எடுக்கும் முன்பே அது தெரிந்துகொண்டது நல்லதுதான்.